ஏழரைச் சாண்

மடுத்தீனின் வத்தை கிடைத்தபோது
இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது.
மோர்ப்பண்ணைக்கு நேரே, மூணு பாகத் தண்ணியில்,
வாலைக் கடிக்கப் பார்க்கும் நாய்போலச்
சுற்றிச் சுற்றி வந்ததாம்.
டீசல் தீரும்வரை காத்திருந்துதான்
பக்கத்தில் போக முடிந்தது என்றார்கள்.
தூக்குவாளியில் கஞ்சி அப்படியே.
பீடிக்கட்டு நனையவில்லை.
பெட்டியில் பதினேழு நண்டு, உயிரோடு.

ஆள் மட்டும் இல்லை.

அலை என்று ஒருவர் சொன்னார். அன்றைக்கு அலையே கிடையாது.
நெஞ்சுவலி என்றார் இன்னொருவர்.
கருவாட்டுக் கொட்டகைப் பக்கம் மெதுவாகத்தான் பேசினார்கள்:
ஒண்ணுக்குப் போக விளிம்பில் நின்றிருப்பான்.
எல்லாரும் அப்படித்தானே நிற்கிறோம்.
அதற்குமேல் யாரும் பேசவில்லை.

அன்று ராத்திரி கித்தேரி
பழைய வலையின் மேல்கயிற்றை உருவி
விளக்கடியில் வைத்துச் சாணால் அளந்தாள்.
காரங்காட்டில் தனியாகப் போகிறவர்கள்
என்னோடு சேர்த்து நாலு பேர்.
மச்சினன் கத்தாரில் சிமெண்டு கலக்கப் போனபிறகு
எனக்குத் துணை இன்ஜின் சத்தம்தான்.
இன்னொருத்தனைக் கூட்டிப் போனால்
டீசல் போக மிச்சத்தை
இரண்டாகக் கிழிக்க வேண்டும்.
நண்டு அவ்வளவு விழுவதில்லை.

ஏழரைச் சாண் என்று நிறுத்தினாள்.
ஏழரை வேண்டாமே, எட்டாக்கிவிடு என்றேன்.
"எட்டுன்னா விசிறி உன் காலை எட்டும்.
ஏழுன்னா விழுந்தா தலை தண்ணிக்குள்ள."
பேச இடமில்லை. ஆனால் அது அவள் சாண்.
என் கைக்கு ஆறேகால்தான் வரும்.

ஒரு முனை நடுப்பலகையில், மறுமுனை என் இடுப்பில்.
பக்கச்சட்டத்தில் கால் நுழைகிற மாதிரி
கயிற்றுக் காது ஒன்றும் தொங்கவிட்டாள்.
அணியத்துக்குப் போக வேண்டுமானால்
அவிழ்த்து முன்கொண்டியில் கட்ட வேண்டும்.
எத்தனை தடவை திட்டியிருப்பேன்.
"பசுமாட்டை ஓட்டிக்கிட்டு எங்கே புறப்பாடு?"
என்று கேட்பான் பக்கத்து வத்தை தொம்மை.
இருட்டில் கண்டல் மறைவு தாண்டும்வரை கட்டமாட்டேன்,
வெட்கம்.

ஆடி மாதம். கச்சான் காற்று.
கரையிலிருந்து கடலுக்குள் தள்ளுகிற காற்று அது;
இன்ஜின் நின்றால் இலங்கைதான்.
கோயில் விளக்கு ஊசிமுனையாகச் சிறுத்திருந்தது.
போனில் சிக்னல் போய் வெகுநேரம்.
இன்ஜினை மெதுவாக ஓடவிட்டு
எழுந்து
விளிம்பில் நின்றேன்,
மடுத்தீன் நின்ற மாதிரி.

விழுந்தது தெரியவில்லை.
தண்ணீரின் சூடுதான் தெரிந்தது.
பிறகு இடுப்பில் ஒரு வெட்டு.
வத்தை என்னை இழுத்துக்கொண்டு போகிறது,
வாயிலும் மூக்கிலும் உப்பு,
கால்மாட்டில், கொஞ்சம் தள்ளி,
விசிறி என்னைத் தேடுகிறது.
எட்டவில்லை.
எட்டவில்லை.

காது கைக்குக் கிடைத்தது, காலுக்குக் கிடைக்கவில்லை.
ஒருமுறை. இன்னொருமுறை.
மாதாவைக் கூப்பிட்டேனா, கெட்ட வார்த்தை சொன்னேனா,
இரண்டும் கலந்து ஏதோ வந்தது.
கடைசியில் முழங்காலை நுழைத்துப்
பாதி செத்த திருக்கைபோலப்
பலகைமேல் கிடந்தேன், கைலி இல்லாமல்.

வலையை எடுத்துவிட்டுத்தான் திரும்பினேன்.
அதையும் சொல்ல வேண்டும்.

முடிச்சு இறுகிப்போயிருந்தது, அவிழவே இல்லை.
பலகையில் கயிற்றை அறுத்துக்கொண்டு
சாக்கைச் சுற்றியபடி வீடு வந்தேன்.
வழுக்கிவிட்டது, வலை இழுத்துவிட்டது என்று
வழியெல்லாம் பொய் தைத்து வைத்திருந்தேன்.
கித்தேரி ஒன்றும் கேட்கவில்லை.
கோணூசியை எடுத்துவந்து மண்டியிட்டு
முடிச்சை ஒவ்வொரு இழையாக நெம்பினாள்.
இடுப்பைச் சுற்றிச் சிவந்திருந்த தழும்பில்
ஒருதரம் கட்டைவிரலை வைத்துப் பார்த்தாள்.
"நண்டு எத்தனை?"
"இருபத்திரெண்டு."

மறுநாள் வெள்ளாப்பில்
வத்தையைத் தள்ளப் போனேன்.
புதுக்கயிறு, அதே ஏழரை.
பழைய காதுக்கு ஒரு சாண் கீழே
இன்னொரு காது.
நடுப்பலகைக்கு அடியில்
வாய் அகலமாக வெட்டி
விளிம்பைத் தீயில் மழுக்கிய
ஒரு எண்ணெய் கேன்.